மூளையில் நியூரான் அல்லாத செல்களுக்கு நினைவிலும் மறதி நோயிலும் பங்கு உண்டா?

உண்டு, நிறையவே உண்டு. நான் படித்த காலத்தில் நரம்பு செல்லான நியூரானுக்குப் பத்து வகுப்பு என்றால், மூளையின் மற்ற செல்களில் முக்கியமான கிளியா செல்களுக்கு அரை வகுப்புதான். 'நியூரான்களைத் தாங்கிப் பிடிக்கும், ஊட்டம் கொடுக்கும்' என்று இரண்டு வரி எழுதினால் முழு மதிப்பெண். கிளியா என்ற பெயருக்கே பசை என்றுதான் அர்த்தம், 1850களில் ருடால்ஃப் ஃபிர்ஹோ வைத்தது. நியூரானைவிடப் பத்து மடங்கு அதிகம் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். அது தப்பு. 2009இல் எண்ணிப் பார்த்ததில் நியூரான் சுமார் 8,600 கோடி, மற்ற செல்கள் சுமார் 8,500 கோடி.

என் எண்ணத்தை மாற்றியது ஒரு ஸ்லைடு. அல்சைமர் என்ற மறதி நோயில் இறந்த ஒருவரின் மூளைத் திசு. அமிலாய்டு புரதம் திட்டாகப் படிந்திருந்தது. அதைச் சுற்றி மைக்ரோகிளியா என்ற ஒரு வகை கிளியா செல்கள், செத்த புழுவை எறும்பு மொய்ப்பது மாதிரி. சாதாரணமாக நூல் நூலாகக் கைகளை நீட்டிக்கொண்டிருக்கும் செல்கள் அவை. இங்கே கைகள் குட்டையாகி, உடம்பு பருத்துக் கிடந்தன. பசை இப்படியெல்லாம் செய்யாதே என்று தோன்றியது.

மைக்ரோகிளியா மூளையின் நோய் எதிர்ப்புச் செல். வளரும் மூளையில் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு: தேவைக்கு மேல் முளைத்த சினாப்ஸ்களை, அதாவது நியூரான்களுக்கு இடையிலான இணைப்புகளைத் தின்று கழிப்பது. எதைக் கழிக்க வேண்டும் என்பதற்கு சி1க்யூ, சி3 என்ற புரதங்கள் அடையாளம் வைக்கின்றன. 2016இல் அல்சைமர் போன்ற நோய் வரும்படி உருவாக்கிய எலிகளில் பார்த்தபோது, அமிலாய்டு திட்டுகள் உருவாகும் முன்பே இதே அடையாளம் வைக்கும் வேலை மறுபடி தொடங்கியிருந்தது. சி1க்யூவைத் தடுத்தால் சினாப்ஸ் இழப்பும் குறைந்தது.

சரி, அப்படியானால் மைக்ரோகிளியாவை அடக்கிவிட்டால் போதுமே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். ட்ரெம்2 என்ற மரபணு மூளையில் பெரும்பாலும் மைக்ரோகிளியாவில்தான் வேலை செய்கிறது. அதன் செயலைக் குறைக்கும் ஒரு மாற்றம் இருப்பவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. அதாவது இந்தச் செல் சோம்பிக் கிடந்தாலும் ஆபத்து. தாமதமாக வரும் அல்சைமருக்குப் பரவலான மரபணுக் காரணிகளில் பெரியது ஏபிஓஇ என்ற மரபணுவின் ஏபிஓஇ4 வடிவம். அந்த மரபணு தரும் புரதத்தையும் மூளையில் முக்கியமாகச் சுரப்பது ஆஸ்ட்ரோசைட் என்ற இன்னொரு கிளியா. சாவது நியூரான்தான், ஆனால் யாருக்கு நோய் வரும் என்பதில் பெரிய கை இந்தச் செல்களுக்கு இருக்கிறது என்பதே என் கருத்து.

நோயை விடுங்கள், நல்ல நினைவுக்கே இவை வேண்டும். ஆஸ்ட்ரோசைட்டில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு இருக்கும், அது உடைந்து லாக்டேட் என்ற எரிபொருளாகி நியூரானுக்குப் போகும். 2011இல் எலிகளின் மூளையில், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் அந்த உடைப்பைத் தடுத்துவிட்டு, ஓர் அறைக்குள் போனால் மின் அதிர்ச்சி என்று பழக்கினார்கள். கொஞ்ச நேரத்துக்கு நினைவிருந்தது, மறுநாள் இல்லை. லாக்டேட்டை வெளியிலிருந்து கொடுத்தபோது நினைவு நின்றது. நியூரான்களின் நீண்ட இழைகளுக்கு மையலின் என்ற கொழுப்பு உறை போடும் ஆலிகோடெண்ட்ரோசைட் என்ற கிளியாவும் சும்மா இல்லை. புதிதாக அவை உருவாகாமல் தடுத்த எலிகள், கம்பிகள் ஒழுங்கற்ற இடைவெளியில் அமைந்த சக்கரத்தில் ஓடக் கற்றுக்கொள்ளத் தடுமாறின.

அப்புறம் சிகிச்சை. 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனமாப் என்ற அல்சைமர் மருந்து ஓர் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடி ஒட்டும் புரதம். அமிலாய்டில் போய் ஒட்டிக்கொள்ளும், அதைத் தின்று அகற்றுவதில் பெரிய பங்கு மைக்ரோகிளியாவுடையது. நோய் குணமாகாது, ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குச் சரிவு கொஞ்சம் மெதுவாகும். சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வருகின்றன. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஏபிஓஇ4 பெற்றவர்களுக்கு இது அதிகம் என்பதால், மருந்தைத் தொடங்கும் முன் மரபணுச் சோதனை செய்துகொள்ளச் சொல்கிறார்கள்.