14 பக்கமும் 10 நிமிடமும்

கேள்வி: நான் படித்த அரசுப் பள்ளியின் பொன்விழாவில் முன்னாள் மாணவிகள் சார்பில் 10 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை மேடை ஏறியதில்லை. 14 பக்கம் எழுதி (நகல் இணைத்திருக்கிறேன்) மனப்பாடம் செய்து வருகிறேன். நடுவில் மறந்துபோனால் என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் மனப்பாடத்தை நிறுத்துங்கள். வரிக்கு வரி உருப்போட்ட பேச்சில் ஒரு வரி நழுவினால் அடுத்த வரியும் வராது. பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான, பேச்சுக்குப் பேர்போன சர்ச்சிலுக்கே அது நடந்தது. 1904 ஏப்ரலில், 29 வயதில், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மனப்பாடமாகப் பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் அப்படியே நின்றுவிட்டார். எவ்வளவு யோசித்தும் மீதி வரவில்லை, நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு கையில் குறிப்பு இல்லாமல் அவர் முக்கியமான பேச்சு எதற்கும் எழுந்ததில்லை. அந்தக் குறிப்புகளைச் செய்யுள் மாதிரி சின்னச் சின்ன வரிகளாக உடைத்து டைப் செய்து வைத்துக்கொள்வார், ஒரு பார்வையில் கண் பிடித்துக்கொள்ளும்படி. நீங்களும் ஒரு போஸ்ட்கார்டு அளவு அட்டையில், பெரிய எழுத்தில், ஆறேழு வரி எழுதிக்கொண்டால் போதும். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனதில் உறுதியாக இருக்கட்டும்.

ஆனால் உங்கள் உண்மையான சிக்கல் மறதி இல்லை. 14 பக்கத்தையும் படித்தேன். ஒன்றரைப் பக்கம் 'அவர்களே, அவர்களே' என்று போகிறது. அப்புறம் நான்கு குறள், பள்ளி தொடங்கிய கதை, கட்டடத்துக்கு நிலம் கொடுத்தவர், தேர்ச்சி விகிதம். இதையெல்லாம் தலைமையாசிரியர் உங்களுக்கு முன்பே ஆண்டறிக்கையில் வாசித்து முடித்திருப்பார். 12-ஆம் பக்கத்தில், போகிற போக்கில் மூன்றே வரி: காலையில் வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு நீங்கள் ஓடி வர நேரமாகும் என்று தெரிந்து, கணக்கு டீச்சர் வருகைப் பதிவில் உங்கள் பெயரைக் கடைசியாகக் கூப்பிடுவார், அகர வரிசைப்படி நீங்கள் மூன்றாவதாக இருந்தும். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்கள் பேச்சு அதுதான், அதை ஏன் கடைசியில் ஒளித்து வைத்தீர்கள்?

அங்கிருந்து தொடங்குங்கள். அந்தப் பால் கேன், ஈரப் பாவாடை, வாசலில் நிற்கும்போது உங்கள் பெயர் கேட்டது, இதெல்லாம் வரட்டும். அந்தப் பள்ளி உங்களைப் படிப்போடு பிடித்து வைத்திருந்தது என்பதைக் கூட்டம் தானே புரிந்துகொள்ளும். எதைச் சேர்க்கலாம் என்று தடுமாறும்போதெல்லாம் இது அந்த டீச்சரோடு ஒட்டுகிறதா என்று பாருங்கள், ஒட்டாவிட்டால் எடுத்துவிடுங்கள். மேடையில் இருப்பவர்களுக்கு 'அனைவருக்கும் வணக்கம்' போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பிறகு, வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். நின்றுகொண்டு, செல்போனில் பதிவு போட்டு, ஐந்தாறு தடவை. மனசுக்குள் வாசிப்பது ஒத்திகையே இல்லை. 'கல்விப் பணியாற்றி வரும் நல்லாசிரியப் பெருந்தகை' என்று எழுதிய இடத்தில் நாக்கு தடுக்கும் பாருங்கள், அங்கே 'எங்கள் டீச்சர்' என்று மாற்றுங்கள். பதிவு எட்டு நிமிடத்தில் முடிய வேண்டும், மேடையில் எப்படியும் கொஞ்சம் நீளும். இன்னொன்று, நம் ஊர் விழாக்களில் பொன்னாடை போர்த்தியே நேரம் ஓடிவிடும், உங்கள் முறை வரும்போது 'ஐந்து நிமிடத்தில் முடிக்கவும்' என்று துண்டுச்சீட்டு வரலாம். அப்படி வந்தால் எந்த மூன்று வரியை விடுவது என்று இப்போதே அட்டையில் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். டீச்சர் வரியில் கை வைக்காதீர்கள்.

அவர் விழாவுக்கு வருகிறாரா என்று விசாரித்தும் வையுங்கள். வருகிறார் என்றால், அந்த இடம் வரும்போது அட்டையைக் கீழே வைத்துவிட்டு, அவர் உட்கார்ந்திருக்கும் பக்கம் திரும்பிச் சொல்லுங்கள்.