ஆறாம் ஜார்ஜ், லயனல் லோக், திக்குவாய்: கேளுங்க சொல்றேன்

'தி கிங்ஸ் ஸ்பீச்' படம் பாத்துட்டு, திக்கிப் பேசின பிரிட்டன் ராஜா ஆறாம் ஜார்ஜ் பத்தியும் அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த லயனல் லோக் பத்தியும் கேக்குறவங்களுக்கு இந்தப் பதில்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்குறதுதான் என் பொழப்பு, அதனால அரச குடும்ப கிசுகிசு என்கிட்ட கேக்காதீங்க.

கே: ராஜாவுக்குத் திக்கல் முழுசா போயிடுச்சா?
இல்லீங்க. 1925 அக்டோபர் 31, லண்டன் வெம்ப்ளி கண்காட்சி நிறைவு விழாவுல பேச நின்னு தவிச்சுப்போனாரு, அப்ப வெறும் யார்க் கோமகன், அண்ணன் 1936 டிசம்பர்ல முடியைத் துறந்துட்டுப் போவாருன்னு யாரு கண்டா. 1926 அக்டோபர்ல லண்டன் ஹார்லி தெருவுல லோக்கைப் பாத்தாரு, அடுத்த வருஷக் கடைசிக்குள்ள 80க்கும் மேல சிட்டிங். வயித்துலேர்ந்து மூச்சு எடுக்குறது, ஜன்னலத் தொறந்து வச்சு உயிர் ஒலிகள இழுத்துச் சொல்றது, இப்படி. 1927 மே மாசம் ஆஸ்திரேலியால கான்பரால பார்லிமென்ட் கட்டடத்தத் தொறந்து நல்லாவே பேசினாரு. ஆனா 1939 செப்டம்பர் 3, ரெண்டாம் உலகப் போர் தொடங்கினப்ப ரேடியோல பேசின அன்னிக்கும் லோக் கூடவே நின்னாரு. அந்த ரெக்கார்டிங்க கேளுங்க, நடுநடுவுல எவ்ளோ இடைவெளி! திக்கல் போகல, அத வச்சுக்கிட்டே பேசக் கத்துக்கிட்டாரு.

கே: லோக் டாக்டரா?
இல்ல. ஆஸ்திரேலியால பேச்சுக்கலை வாத்தியார். முதல் உலகப் போர்ல பேச்சு பாதிச்சு வந்த சிப்பாய்ங்களோட வேல பாத்தவரு.

கே: படத்துல மாதிரி கெட்ட வார்த்தை சொல்ல வச்சாரா, ராஜாவ வீட்டுச் செல்லப் பேரு 'பெர்ட்டி'ன்னு கூப்பிட்டாரா?
கடிதங்கள்ல எல்லாம் மரியாதைதான். படம் வேற, நடந்தது வேற.

கே: சார், படம் எழுதின டேவிட் சைட்லரே சின்ன வயசுல திக்கினவரு, அவருக்குத் தெரியாததா?
சரி, இது நல்ல கேள்வி. திட்டுறப்போ, பாடுறப்போ நெறைய பேருக்குத் திக்காது, அது உண்மை. அவரு சொந்த அனுபவத்த அங்க வச்சாரு, நான் குத்தம் சொல்லல. ஆனா அரண்மனைல அப்படி நடந்துச்சுன்னு சொல்லாதீங்கன்றேன்.

கே: அப்ப படமே பொய்யா?
ஐயோ, நான் அப்படியா சொன்னேன்? மேல சொன்ன பதிலப் படிங்க.

கே: நாக்குல வசம்பு தேய்க்கலாமா? வாயில கூழாங்கல்லு போட்டுப் பேசலாமா?
வேணாம். வேணவே வேணாம். கல்லு தொண்டையில போச்சுன்னா நான் பொறுப்பில்ல.

கே: இடது கைப் பழக்கத்த மாத்துனதாலதானே ராஜாவுக்குத் திக்கல் வந்துச்சு?
மூணாவது ஆள் நீங்க. மாத்துனது நெஜம், அதான் காரணம்னு நிரூபணம் இல்ல. மூளை, பரம்பரை ரெண்டும் சேர்ந்த விஷயம் இது.

கே: என் பையனுக்கு 4 வயசு, திக்குறான். 'மெதுவா பேசுடா'ன்னு சொல்றேன்...
அத மொதல்ல நிறுத்துங்கம்மா. அவன் வார்த்தைய நீங்க முடிக்காதீங்க, மொகத்தப் பாத்துக் காத்திருங்க, இந்த வாரமே ஒரு பேச்சுப் பயிற்சியாளர்கிட்ட காட்டுங்க.

கே: சார், இடது கை...
மேல பாருங்க.