துண்டைச் சுற்றினால் கன்சோல் பிழைக்குமா?

கேள்வி: மைக்ரோசாஃப்ட்டின் வீடியோ கேம் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360-இல் மூன்று சிவப்பு விளக்கு மின்னினால், துண்டைச் சுற்றி இருபது நிமிடம் ஓடவிடச் சொல்கிறார்கள். சூட்டில் சால்டர் (பாகங்களைப் போர்டில் ஒட்டும் பற்றாசு) உருகி மறுபடி ஒட்டிக்கொள்ளுமாமே?
– வாசகர், திருச்சி

பதில்: உருகாது. அந்த மதர்போர்டில் சிப்பைப் பிடித்திருப்பது ஈயம் கலக்காத சால்டர். அது இளக 217 டிகிரி செல்சியஸாவது வேண்டும். அதற்கு வெகு முன்பே கன்சோல் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.

பிறகு எப்படிச் சிலருக்கு உயிர் வந்தது? சூட்டில் எல்லாம் கொஞ்சம் விரிகிறது. விரிசல் விட்ட இணைப்பின் இரு முனைகளும் தற்காலிகமாகத் தொட்டுக்கொள்கின்றன. இரண்டு நாளோ இரண்டு வாரமோ ஓடும். மறுபடி சிவப்பு வரும். அதற்குள் மின்விசிறியும் மற்ற பாகங்களும் வெந்திருக்கும்.

நோயின் மூலம் வேறு. கிராபிக்ஸ் சிப்பின் சிலிக்கன் துண்டு, ஒரு டிகிரி சூட்டுக்குப் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 3 பங்குதான் விரியும். அது உட்கார்ந்திருக்கும் சிறு பலகை 15 பங்குக்கு மேல் விரியும். இரண்டுக்கும் நடுவில் கடுகைவிடச் சிறிய சால்டர் புள்ளிகள். கன்சோலைப் போடும்போது ஒரு இழுப்பு, அணைத்து ஆறும்போது எதிர்ப்பக்கம் ஒரு இழுப்பு. கம்பியை முன்னும் பின்னும் மடக்கி ஒடிப்பதுபோலத்தான். போர்டில் அல்ல, பாகத்துக்கு உள்ளேயே இணைப்புகள் ஒடிந்தன என்றும், போட்டு அணைப்பதில் ஏறி இறங்கிய சூடே காரணம் என்றும் 2021-இல் வந்த ஆவணப்படத்தில் மைக்ரோசாஃப்ட் தரப்பே சொல்லிவிட்டது.

இதனால்தான் ரீபால் (சிப்பைக் கழற்றி, அடியிலுள்ள சால்டர் உருண்டைகளைப் புதிதாக வைப்பது) செய்தும் பல கன்சோல்கள் திரும்பப் படுத்தன. ரீபாலில் மாறுவது சிப்புக்கும் மதர்போர்டுக்கும் இடையிலுள்ள உருண்டைகள். ஒடிந்ததோ அதற்கும் மேலே, சிப்புக்குள். கிராபிக்ஸ் சிப்பையே மாற்றினால் ஒழிய நிலையான தீர்வு இல்லை. வெறுமனே ஹாட் ஏர் அடித்துக் கொடுப்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எல்லாச் சிவப்பு விளக்கும் ஒன்றுதானா?
– வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. நான்கும் மின்னினால் டிவிக்குப் போகும் ஏவி கேபிள் சரியாகச் செருகப்படவில்லை, அவ்வளவுதான். இரண்டு என்றால் அதிகச் சூடு: அணைத்து ஆறவிட்டு, தூசியை எடுத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஒன்று மட்டும் என்றால் ஏதோ ஒரு பாகம் பழுது. பெரும்பாலும் டிவி திரையில் ஒரு எண்ணும் வரும். மூன்றுதான் கெட்ட செய்தி.

மூன்று மின்னும்போது உள்ளே என்ன குறை என்று கேட்டும் பார்க்கலாம். கன்ட்ரோலரை இணைக்கும் சிறு பொத்தானை அழுத்திப் பிடித்தபடி, டிஸ்க் தட்டு வெளியே வரும் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். எத்தனை விளக்கு மின்னுகிறதோ அது முதல் இலக்கம். நான்கும் மின்னினால் பூஜ்யம். இப்படி நான்கு முறை அழுத்தினால் நான்கு இலக்கம் கிடைக்கும். 0102 வந்தால் பெரும்பாலும் மேலே சொன்ன கிராபிக்ஸ் சிப் இணைப்புதான்.

கேள்வி: இந்தக் குறையால் மைக்ரோசாஃப்ட்டுக்கு எவ்வளவு நஷ்டம்?
– வாசகி, சேலம்

பதில்: எக்ஸ்பாக்ஸ் 360 அமெரிக்காவில் 2005 நவம்பர் 22-இல் விற்பனைக்கு வந்தது. 2007 ஜூலையில்தான் மூன்று விளக்குக் குறைக்கு மட்டும் வாரண்டியை 3 ஆண்டாக நீட்டினார்கள். அதற்கு ஒதுக்கிய தொகை 105 முதல் 115 கோடி டாலர். அதில் 24 கோடி கூரியர் செலவுக்கே என்று அன்றைய எக்ஸ்பாக்ஸ் பொறுப்பாளர் பீட்டர் மூர் பிற்பாடு சொன்னார். திரையில் ‘ஈ74’ வரும் குறையை 2009-இல்தான் அதே வாரண்டியில் சேர்த்தார்கள். தாமதம்தான்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் பழைய தடித்த எக்ஸ்பாக்ஸ் 360 வாங்கலாமா? எதைப் பார்ப்பது?
– வாசகர், சென்னை

பதில்: கன்சோலின் பின்புற ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆம்பியரைப் பாருங்கள். 16.5 என்றால் முதல் தலைமுறை போர்டு; தொடவே வேண்டாம். அதிலும் எச்டிஎம்ஐ துளை இல்லாதது மிகப் பழையது. 14.2 என்றால் ஃபால்கன் என்ற அடுத்த போர்டு, பரவாயில்லை. 12.1 என்றால் 2008 இறுதியில் வந்த ஜாஸ்பர் போர்டு. கிராபிக்ஸ் சிப்பின் நுண்பாகங்கள் முதலில் இருந்த 90 நானோமீட்டர் தொழில்நுட்பத்திலிருந்து 65-க்குச் சிறுத்ததால் சூடும் மின்சாரமும் குறைவு. தடித்த மாடலில் வாங்கத் தகுந்தது இது ஒன்றுதான்.

அடாப்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள், 16.5 ஆம்பியர் அடாப்டர் ஜாஸ்பரிலும் பொருந்தும். ஆனால் அடாப்டரில் உள்ளே வரும் வோல்ட் எவ்வளவு என்று கட்டாயம் படியுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது நம் 230 வோல்ட்டைத் தாங்காது. ஓடும்போது கன்சோலை நகர்த்தினால் விளையாட்டு டிஸ்க்கில் வட்டமாகக் கீறல் விழும், அதையும் மறக்காதீர்கள். 360-க்கு விளையாட்டு விற்ற ஆன்லைன் கடையை 2024 ஜூலையில் மூடிவிட்டார்கள், டிஸ்க்கைத்தான் பெரிதும் நம்ப வேண்டும் என்பதால், டிஸ்க் படிக்கும் டிரைவ் நன்றாக இருக்கிறதா என்று நேரில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

கேள்வி: நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலின் ஜாய்கான் கன்ட்ரோலரில் உள்ள குச்சியைத் தொடாமலே விளையாட்டில் வரும் பாத்திரம் ஏன் நடக்கிறது?
– வாசகர், கோவை

பதில்: குச்சிக்கு அடியில் கார்பன் பூசிய தடத்தின்மேல் ஒரு சிறு உலோக நுனி உரசிக்கொண்டே இருக்கிறது. நாளடைவில் பூச்சு தேய்ந்து, குச்சி நடுவில் நின்றாலும் தவறான அளவு போகிறது. செட்டிங்ஸில் குச்சியை மறுபடி அளவு திருத்திப் பாருங்கள். தூசிதான் காரணமென்றால் குச்சியின் அடி உறையைத் தூக்கி ஒரு சொட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டால் சரியாகலாம். தடம் தேய்ந்திருந்தால் எதுவும் பலிக்காது, குச்சியையே மாற்ற வேண்டும்.

ஜாய்கானின் பின்பக்க நான்கு திருகுகளுக்கு ஒய் வடிவ முனையுள்ள திருப்புளி தேவை. பேட்டரி இணைப்பை முதலில் கழற்றுங்கள். குச்சியைப் பிடித்திருப்பது இரண்டு சாதாரணத் திருகும் ஒரு ரிப்பன் கேபிளும். கேபிளின் தாழ்ப்பாளை நகத்தால் மேலே தூக்காமல் இழுத்தால் கிழியும். மாற்றுவதே மாற்றுகிறீர்கள், காந்தத்தை உணரும் ஹால் வகைக் குச்சியாக வாங்குங்கள். உரசல் இல்லை என்பதால் அது இப்படித் தேயாது.