தப்பாக வாசிப்பதற்கும் ஒத்திகை வேண்டும்

கேள்வி: நாங்கள் 11 பேர். முறையாக இசை கற்றவர் ஒருவரும் இல்லை. ஆசைக்காக ஒரு வாத்தியக் குழு நடத்துகிறோம். வயலின், கிளாரினெட், ஹார்மோனியம் போக, மரம் அறுக்கும் ரம்பம் ஒன்று, தண்ணீர் ஊற்றிய பாட்டில்கள் 8, வாயில் வைத்து முனகினால் கரகரக்கும் கசூ என்னும் குழல்கள் 3. முதல் மேடையில் சிறிது நேரத்திலேயே கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. பாட்டில்காரர் உற்சாகத்தில் தட்டுவதை விட்டு ஊத ஆரம்பித்ததும், ஏற வேண்டிய மெட்டு இறங்கியது. இன்றுவரை காரணம் புரியவில்லை. முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இப்போது குழுவில் பாதிப் பேர், இனி வேண்டுமென்றே தப்பாக வாசிக்கலாம் என்கிறார்கள். மீதிப் பேர் மானம் போயிற்று, கலைத்துவிடலாம் என்கிறார்கள். கையில் குச்சியோடு முன்னால் நிற்பவன் நான். என்ன செய்யட்டும்?

பதில்: கலைக்கவும் வேண்டாம், நடிக்கவும் வேண்டாம். இரண்டில் நடிப்புதான் உங்களைச் சீக்கிரம் கவிழ்க்கும்.

1970-ல் இங்கிலாந்தில் கேவின் பிரையர்ஸ் என்ற இசையமைப்பாளர், ஒரு கலைக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு ‘போர்ட்ஸ்மத் சின்ஃபோனியா’வைத் தொடங்கினார். வாசிக்கத் தெரியாதவர்கள் சேரலாம். தெரிந்தவர்கள் தமக்குப் பழக்கமில்லாத கருவியை எடுக்க வேண்டும். புகழ்பெற்ற இசைக் கலைஞர் பிரையன் ஈனோவே அதில் கிளாரினெட்டோடு திண்டாடினார். 1974-ல் லண்டனின் புகழ்பெற்ற அரங்கான ராயல் ஆல்பர்ட் ஹால் வரை போய்விட்டார்கள். ஆனால் அவர்களிடம் ஒரு கண்டிப்பு இருந்தது: ஒத்திகைக்கு வந்தாக வேண்டும், முடிந்தவரை சரியாக வாசிக்க முயல வேண்டும். வேண்டுமென்றே பிசகக் கூடாது.

அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கும் குழந்தையைப் பார்த்து எத்தனை தடவையும் சிரிப்போம். அப்பாவே குழந்தையின் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு நடந்தால் ஒரு தடவை சிரிப்போம். இரண்டாம் தடவை வீட்டுக்குக் கிளம்புவோம். எல்லோருக்கும் தெரிந்த மெட்டில், அடுத்த ஸ்வரம் எது என்று கேட்பவர் காதுக்குத் தெரியும். அதைக் குறிவைத்துப் பாய்ந்து பக்கத்தில் போய் விழுகிறீர்களே, சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. குறியே இல்லாதவன் எதைத் தவறவிட முடியும்?

மானம் போயிற்று என்பவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். எடின்பரோவில் 1995 முதல் ஒரு குழு இருக்கிறது. அதன் பெயரே ‘உண்மையிலேயே படுமோசமான இசைக்குழு’ என்று பொருள்படும். தொடங்கியவர்களில் ஒருவர் எழுத்தாளர் அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித். பெயரிலேயே ஒப்புக்கொண்ட பிறகு யார் வந்து குற்றம் கண்டுபிடிப்பது? நீங்களும் அழைப்பிதழிலேயே சொல்லிவிடுங்கள்.

வினோதக் கருவிகளுக்காகவும் வெட்கப்பட வேண்டாம். 1956-ல் லண்டனில் நடந்த ஒரு வேடிக்கை இசை விழாவுக்காக இசையமைப்பாளர் மால்கம் ஆர்னால்ட் எழுதிய உருப்படியில் தூசி உறிஞ்சும் இயந்திரங்கள் 3, தரை மெருகேற்றும் இயந்திரம் ஒன்று, துப்பாக்கிகள் 4. எது எங்கே நுழைய வேண்டும் என்பதையெல்லாம் முறையாக எழுதியிருந்தார். உங்கள் ரம்பத்துக்கும் அந்த மரியாதை வேண்டும். அதை ஆங்கில ‘எஸ்’ போல வளைத்து, பல் இல்லாத ஓரத்தில், வளைவு திரும்பும் இடத்தில் வில்லை இழுக்கச் சொல்லுங்கள். நிகழ்ச்சியை நீட்டாதீர்கள்; ரம்பம் என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னோர் அர்த்தமும் உண்டு. எல்லோரும் ஹார்மோனியத்தோடுதான் சுருதி சேர்க்க வேண்டும், ஏனென்றால் மேடையில் அது யாருக்காகவும் தன்னை மாற்றிக்கொள்ளாது.

கடைசியாகப் பாட்டில்காரர். அவர்மீது தவறில்லை, தண்ணீர் செய்கிற வேலை அது. தட்டும்போது கண்ணாடியோடு தண்ணீரும் சேர்ந்து அதிர்கிறது. தண்ணீர் கூடக் கூடச் சுருதி இறங்கும். ஊதும்போது அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. தண்ணீர் கூடினால் காற்றுக்கு இடம் குறைந்து சுருதி ஏறும். தட்டுவதற்காக அடுக்கிய வரிசையை அவர் ஊதியதும் ஆரோகணம் அவரோகணமாகிவிட்டது. அடுத்த மேடைக்கு முன் 8 பாட்டில்களையும் இறுக மூடிவிடுங்கள்.

சிரிப்பு குறைந்துவிடுமோ என்று கவலை வேண்டாம். 3 கசூக்களும் இன்னும் இருக்கின்றன.