என் பணத்தை எடுக்க நான் ஏன் வரி கட்ட வேண்டும்?

கேள்வி: ஆன்லைனில் ஒரு ஃபாரெக்ஸ் (வெளிநாட்டுக் கரன்சி வர்த்தக) புரோக்கரிடம் 200 டாலர் போட்டேன். சோதித்துப் பார்க்க 50 டாலர் எடுத்தேன், அன்றே வந்துவிட்டது. நம்பி 3,000 டாலர் போட்டேன். இப்போது கணக்கில் 9,400 டாலர் காட்டுகிறது. எடுக்கப் போனால், முதலில் 20 சதவிகிதம் வரி அனுப்பச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். வரி பிடிக்க வேண்டுமென்றால் அந்த 9,400-இலேயே 1,880-ஐக் கழித்துக்கொண்டு மீதியைத் தரலாமே, புதுப் பணம் எதற்கு? கட்டினால் அடுத்து ‘சரிபார்ப்புக் கட்டணம்’ வரும், அப்புறம் ‘பாதுகாப்பு டெபாசிட்’ வரும். 9,400 என்பது அவர்கள் திரையில் எழுதிவைத்த எண். அன்றே வந்த 50 டாலரும் உங்கள் 200-இலிருந்து எடுத்து உங்களுக்கே போட்ட தூண்டில் புழு.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் 22 வருடம் குப்பை கொட்டியவன் நான். ஓய்வு பெற்ற மறு வருடமே 500 டாலரைக் கோட்டை விட்டேன். அந்தத் தளத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு பதிவு எண் இருந்தது. பதிவு பெற்ற நிறுவனம்தானே என்று இருந்துவிட்டேன். அது செயின்ட் வின்சென்ட் அண்ட் கிரெனடின்ஸ் என்ற தீவு நாட்டில் கம்பெனி தொடங்கியதற்கான எண். கம்பெனிப் பதிவு வேறு, புரோக்கர் லைசென்ஸ் வேறு. ஃபாரெக்ஸ் புரோக்கர்களுக்குத் தாங்கள் லைசென்ஸ் தருவதில்லை என்று அந்த நாட்டு நிதி ஆணையமே அறிவித்திருந்தது. அதை நான் படித்தது பணம் போன பிறகு.

நீங்கள் இன்றே செய்ய வேண்டியது: உரையாடல், ரசீது, கணக்குத் திரை எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அவர்களோடு சண்டை போடாதீர்கள், கணக்கை மூடிவிட்டால் ஆதாரம் போய்விடும். கார்டில் கட்டியிருந்தால் பணத்தைத் திரும்பக் கோரும் வழி உண்டா என்று உடனே வங்கியிடம் கேளுங்கள். சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். கிரிப்டோவில் அனுப்பியிருந்தால் மீட்பது மிகக் கடினம். உங்கள் கணினியை தூரத்திலிருந்து இயக்கும் செயலி எதையாவது போடச் சொல்லியிருந்தால் அதை நீக்கி, பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

கேள்வி: நான் பார்த்த புரோக்கரின் பெயரும் லைசென்ஸ் எண்ணும் பிரிட்டனின் நிதிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்சிஏ-வின் பட்டியலில் அப்படியே இருக்கின்றன. போதும்தானே?

பதில்: போதாது. உண்மையான நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் திருடி நடத்தும் போலிகள் உண்டு. பட்டியலில் உள்ள இணைய முகவரியையும் உங்களிடம் இருக்கும் முகவரியையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். நடுவில் ஒரு கோடு கூடுதலாக இருந்தாலே ஆள் வேறு. பட்டியலில் உள்ள தொலைபேசி எண்ணுக்குப் பேசி, ‘இன்னார் உங்கள் ஆளா?’ என்று கேளுங்கள். அந்தப் பட்டியலுக்கும் புரோக்கர் தந்த லிங்க் வழியாகப் போகாதீர்கள், பட்டியலையே போலியாகச் செய்து வைத்திருக்கலாம். அதோடு, உங்கள் நாட்டில் வாடிக்கையாளர் சேர்க்க அவர்களுக்கு அனுமதி உண்டா என்பதை உங்கள் நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பிடம்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: 1:500 லெவரேஜ், சேர்ந்தால் போனஸ் என்கிறார்கள். நல்லதுதானே?

பதில்: யாருக்கு? 1:500 லெவரேஜ் என்றால் போட்ட பணத்தைப் போல 500 மடங்குக்கு வாங்கலாம். 100 டாலரில் 50,000 டாலருக்கு வாங்கினால், விலை 0.2 சதவிகிதம் எதிராக நகர்ந்தாலே 100 டாலரும் காலி. ஐரோப்பிய ஒன்றியத்தின் பங்கு மற்றும் நிதிச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்மா 2018-இல் சிறு முதலீட்டாளர்களுக்கு, முக்கிய கரன்சிகளிலேயே 1:30-க்கு மேல் கூடாது என்றது, போனஸையும் தடை செய்தது. இந்த வகைக் கணக்குகளில் 74 முதல் 89 சதவிகிதம் வரை நஷ்டத்தில் முடிகின்றன என்று அப்போது அதுவே சொன்னது. ஒழுங்கான புரோக்கரிடமே நிலைமை அது.

கேள்வி: பறிபோன பணத்தை மீட்டுத் தருவதாக ஒரு ‘வழக்கறிஞர்’ அழைத்தார். முன்பணம் கேட்கிறார்.

பதில்: நீங்கள் ஏமாந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது?