கூட்டத்துக்கு வராதவங்க கணக்கு யார்கிட்ட இருக்கு?

அன்புள்ள அக்கா,

தனியா இருக்கிற வயசானவங்க, மாற்றுத்திறனாளிங்க வீட்டுக்குப் போய்ப் பாக்குறதுதான் என் வேலை. எங்க ஏரியாவுக்கு புது மாஸ்டர் பிளான் போட கருத்துக்கேட்புக் கூட்டம் வெச்சாங்க, வேலை நாள்ல, காலைல 11 மணிக்கு. நான் போற வீடுகள்ல இருந்து ஒருத்தர்கூட வரல. நான் பேச எந்திரிச்சா 'உங்க துறை வேற'ன்னு உக்கார வெச்சுட்டாங்க. நிஜமாவே எங்களுக்கு இதுல வேலை இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

இருக்கு, நிறையவே இருக்கு. சிகாகோல ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889ல ஆரம்பிச்ச ஹல் ஹவுஸ் ஒரு சமூக சேவை மையம்தான், ஆனா அங்க தங்கி வேலை பார்த்தவங்க சுத்துப்பட்ட தெருவுல எந்த வீட்டுல எந்த நாட்டுக்காரங்க, வாரத்துக்கு என்ன வருமானம்னு கலர் கலரா மேப் போட்டு 1895ல புத்தகமாவே கொண்டுவந்தாங்க. அமெரிக்காவுல நகரத் திட்டத்துக்குன்னு முதல் தேசிய மாநாடு 1909ல நடந்தப்ப, நியூயார்க்ல இதே மாதிரி ஒரு சேவை மையமான கிரீனிச் ஹவுஸை நடத்தின மேரி சிம்கோவிச் அதுல பேசினாங்க. அப்புறம் எப்படி துறை வேறயாகும்?

எங்க அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனப்புறம் வெளிய போறதையே விட்டுட்டாங்க, வலின்னுதான் நாங்க எல்லாரும் நெனச்சோம். வீட்டுக்கு வந்து பாத்துக்கிட்ட சமூகப் பணியாளர்தான் ஒரு நாள் கூடவே நடந்து போய் போன்ல டைம் பாத்தாங்க. ரோடு 12 மீட்டர், பச்சை விளக்கு 10 செகண்ட், அம்மாவுக்கு ஆனது 16. நடுரோட்டுல நின்னு கையைத் தூக்கிக்கிட்டே போனாங்க அம்மா, பாத்துட்டு எனக்கு தொண்டை அடைச்சுடுச்சு. 12 மீட்டருக்கு 10 செகண்ட்ங்கிறது, சிக்னல் டிசைன்ல ஆளுங்க செகண்டுக்கு 1.2 மீட்டர் நடப்பாங்கன்னு பல இடத்துல ரொம்ப நாளா எடுத்துக்கிட்ட கணக்கு, வயசானவங்க பல பேரால அந்த வேகம் முடியாது. ரோட்டுல நின்னு கிராஸ் பண்றவங்களை எண்ணினா அம்மா அதுல வரவே மாட்டாங்க, அவங்கதான் வீட்டுக்குள்ள உக்காந்துட்டாங்களே!

வியன்னால பார்க்குகளை கவனிச்சுப் பாத்தப்பவும் இதேதான், 9, 10 வயசு தாண்டின பொண்ணுங்க வர்றது குறையுதுன்னு தெரிஞ்சு, 1999ல ரெண்டு பார்க்கை மாத்தி அமைச்சாங்க. ஒரே பெரிய ஆடுகளத்தை பல சின்ன இடமா பிரிச்சதும் பொண்ணுங்க திரும்ப வந்தாங்க.

அதனால அடுத்த கூட்டத்துக்கு ஒரே ஒரு பேப்பர் எடுத்துட்டுப் போங்க. இந்த 3 மாசத்துல வெளிய வராதவங்க எத்தனை பேர், எதனால, எந்த இடத்துல முடியாம வீட்டுக்கே திரும்பிட்டாங்க, லிஃப்டா, படியா, உக்கார பெஞ்ச் இல்லாததா, டாய்லெட் இல்லாததா. பேரு, வீட்டு நம்பர், வியாதி எதுவும் வேணாம், நம்பி சொன்னவங்க அவங்க, தெரு அளவுல கணக்கு போதும். கூடவே கேளுங்க, படம் வரையறதுக்கு முன்னாடியே எங்களைக் கூப்பிடுங்க, சாயங்காலம் வைங்க, குழந்தைங்களை பாத்துக்க ஒரு ஆள், சைகை மொழிக்கு ஒரு ஆள் போடுங்கன்னு. உங்க நேரத்துக்கு சம்பளமும் அந்த பிளான் பட்ஜெட்லயே வரணும், அதைக் கேக்க தயங்காதீங்க.

பேப்பர் எழுதினதும் எனக்கு அனுப்புங்க தம்பி, கூட்டத்துக்கு முன்னாடி சேந்து ஒரு தடவ படிச்சிரலாம்.

அன்புடன்,
அக்கா